சிட்டு-9 எதில் மிச்சம் பிடித்தது?

முப்பத்தொரு நாள் சோதித்தும் சிட்டு-9 கைப்பேசியில் எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று சௌந்தரபாண்டியனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் அவருக்குத் தூக்கம் கெட்டது.

அம்பத்தூரில் இருந்த மலிவுக் கருவிச் சோதனைக்கூடத்தில் அவருக்குப் பதினெட்டு வருட அனுபவம். இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் கைப்பேசியில் இரண்டாயிரத்துக்கு உரிய குறை இருந்தே தீரும் என்பது அவர் கட்சி. குறையை மறைக்காத கைப்பேசி நல்ல கைப்பேசி. சிட்டு-9இன் ஒளிப்படக்கண் பொழுது சாய்ந்தால் முகத்தைச் சேறாகக் காட்டியது. சாவி பட்டாலே திரை கீறிக்கொண்டது. இவற்றை அவர் சந்தோஷமாகவே எழுதிக்கொண்டார். அவரை உறுத்தியது நிறைகள்தான். ஒருமுறை மின்னேற்றினால் ஒன்பது நாள் வந்தது. ஆயுள் முழுக்க அழைப்பு இலவசம். லிப்டுக்குள் போனாலும் பேச்சு அறுபடவில்லை. இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டார். மின்கலம் சாதாரணம், அலைவாங்கி நகக்கண் அளவுதான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம்.

வெள்ளிக்கிழமை அவர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் நாற்பது லட்சம் வீடுகளுக்கு அது போய்ச் சேரும்.

சோதனைக்கு வந்த ஜோடியில் ஒன்றை அருப்புக்கோட்டையில் இருக்கும் தங்கை இந்திராணிக்கு அனுப்பியிருந்தார். அவள் பள்ளி ஆசிரியை, தனியாக இருப்பவள். போன மாதம் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டு, ஊசி குத்திப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் கவலையில் தினமும் ஒன்றரை மணிக்கு, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுவிடுவார்.

"எப்படியிருக்கே பாப்பா?"

"நல்லாத்தான் இருக்கேண்ணே. நீ சாப்டியா?"

"சாப்டுக்கிட்டேதான் பேசுறேன். ரிப்போர்ட் வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. வந்தா சொல்றேன்."

"சரி, பாத்துக்கலாம். மழை உண்டா?"

"எங்க, வெயிலு கொளுத்துது."

"சரி, வச்சிடட்டா?"

பெரும்பாலும் இவ்வளவுதான். இதைக் கேட்டால் அவருக்கு மோர் சாதம் நிம்மதியாக இறங்கும்.

வியாழக்கிழமை கடைசிச் சோதனைக்காகக் கைப்பேசியை அலைபுகா அறைக்கு எடுத்துப் போனார். சுற்றிலும் செப்புத் தகடு அடித்த அறை அது. கதவைச் சாத்திவிட்டால் எந்த அலையும் உள்ளே வராது, வெளியே போகாது. அலை கிடைக்காமல் கைப்பேசி எவ்வளவு திண்டாடுகிறது என்று அவருடைய உதவியாளர் ஃபர்ஹானா அலைமானியை வைத்துக்கொண்டு அளக்க உட்கார்ந்தாள். மணி ஒன்றரை. பழக்கதோஷம், சௌந்தரபாண்டியனின் விரல் தங்கையின் பெயரை அழுத்திவிட்டது.

மறுமுனையில் இரண்டு தடவை மணி அடித்தது.

"சொல்லுண்ணே. சாப்டியா?"

ஃபர்ஹானா அலைமானியைப் பார்த்தாள். பூஜ்யம். எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். "சாத்தித்தான் சார் இருக்கு" என்றாள்.

"பாப்பா, எங்க இருக்கே?"

"வீட்லதாண்ணே. எங்க போகப்போறேன்?" அவள் குரலேதான். பேச்சின் முடிவில் மூக்கால் சிரிக்கிற அந்தச் சிரிப்புகூட இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. அழைப்பை வெட்டினார்.

சிட்டு தயாரிக்கும் நிறுவனத்தின் பொறியாளன் நிகேதன், தகவல் போன ஒரு மணி நேரத்தில் ஓடி வந்தான். கொஞ்ச நேரம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பார்த்தான். ஃபர்ஹானா அளவுத்தாளை முன்னால் வைத்ததும் வழிக்கு வந்தான்.

"சார், பேச்சை ஊர் விட்டு ஊர் கொண்டுபோறதுதான் செலவு. மின்கலத்தைக் குடிக்கிறதும் அதுதான். ஆனா ஜனங்க போன்ல பேசுறது நூத்துக்குத் தொண்ணூறு போன வாரம் பேசினதுதான். அதை எதுக்கு மறுபடி சுமக்கணும்? எங்க பேச்சு முன்யூகி அஞ்சாறு அழைப்பு கேட்டா ரெண்டு பேரையும் பழகிக்கும். அப்புறம் அந்தந்த முனையில அதுவே பேசும். பதில் என்ன வரும்னு அதுக்குத் தெரியாதப்ப மட்டும் நிஜமா இணைக்கும்."

"ஏமாத்து வேலை."

"ஒப்பந்தத்துல நாற்பதாம் பக்கத்துல போட்டிருக்கோம் சார்."

"நானும் என் தங்கச்சியும் பேசினதுல எத்தனை நிஜம்?"

நிகேதன் தன் பலகைக்கணினியைத் தேய்த்தான். "முதல் ஆறு, பழகுறதுக்கு. அப்புறம் பன்னிரண்டாம் நாள் ஒண்ணு. அவங்க கூப்பிட்டது."

பதிவை ஒலிக்கவிட்டான்.

"அண்ணே, ரிப்போர்ட் வந்துருச்சு. நல்ல கட்டி இல்லையாம். மதுரைக்குப் போகச் சொல்றாங்க. நீ கூட வர்றியா?"

பின்னணியில் திருகாணி ஒன்று மேசையில் உருண்டு விழும் சத்தம். பிறகு அவருடைய குரல். "சரி பாப்பா, பாத்துக்கலாம். வேலையா இருக்கேன். வச்சிடட்டா?"

சௌந்தரபாண்டியன் எழுந்தே விட்டார். "இது உங்க கருவி பேசினது. நான் இப்படிச் சொல்லவே இல்ல."

"இதுதான் சார் நிஜ அழைப்பு" என்றான் நிகேதன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பன்னிரண்டாம் நாள்தான் அவர் சிட்டு-9ஐ இரண்டாம் முறை பிரித்திருந்தார். அழைப்பு வந்தபோது மூடியைக் கழற்றிக்கொண்டிருந்ததுகூட ஞாபகம் வந்தது. தங்கை சொன்னது மட்டும் ஞாபகத்தில் இல்லை. வெட்கத்தில் காது எரிந்தது.

"அதுக்கப்புறம் அவ கூப்பிடலையா?"

"ஒன்பது தடவை சார். நாளைக்கு ஆபரேஷனாம். சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணுமாம். எதையும் இணைக்கல."

"புதுசுன்னா இணைக்கும்னியே. ஆபரேஷன் புதுசு இல்லையா?"

"அவங்க சொன்னது புதுசுதான் சார். ஆனா அதுக்கு நீங்க என்ன சொல்வீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

சுவரில் கம்பித் தொலைபேசி ஒன்று இருந்தது. அந்த எண்ணோடு இந்திராணியின் சிட்டுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. ஆகவே நிஜமாகவே போய்ச் சேரும். சௌந்தரபாண்டியன் எண்களைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினார்.

"ஹலோ?" பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிதான்.

"பாப்பா, அண்ணன் பேசுறேன். எந்த ஆஸ்பத்திரி, சொல்லு. இப்பவே கிளம்பி வர்றேன். கையெழுத்து நான் போடுறேன். தனியாவா இருக்கே? பயந்துட்டியா? என்னை மன்னிச்சிரு பாப்பா, நான் கேக்கவே இல்ல, காதுலயே வாங்கல..." பேசப் பேச அழுதுவிட்டார்.

"யாருங்க நீங்க?" என்றாள் இந்திராணி. "எந்த நம்பர்லேருந்து பேசுறீங்க?"

"அண்ணன்தான் பாப்பா. சௌந்தரம்."

"எங்கண்ணன் இப்படியெல்லாம் பேசாதுங்க. குரலை வச்சு ஏமாத்துறவங்களைப் பத்தி எங்களுக்கும் தெரியும்." வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. இன்னொரு தடவை முயன்றபோது அவள் வேறு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது.

நிகேதன் பலகைக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அவங்க இப்ப உங்களுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்றான். "யாரோ உங்க பேரைச் சொல்லி ஏமாத்தப் பார்த்தான்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

மேசைமேல் இருந்த சிட்டு-9ஐ மூவரும் பார்த்தார்கள். அது மணி அடிக்கவில்லை.

"அங்க நான் என்ன சொல்றேன்?" என்று கேட்டார் சௌந்தரபாண்டியன்.