முன்பதிவு செய்த மேசை

மூலை மேசைக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. இருட்டியதிலிருந்து அங்கே யாரும் உட்காரவில்லை. கடைக்காரி இகுயோ குனிந்து துணியால் துடைத்தாள். அப்போதுதான் உருகிய பனிபோல் அந்தத் தண்ணீர் விரலை வெட்டியது.

மேசை மேல் ‘முன்பதிவு’ என்று எழுதிய மரப்பலகை வழக்கம்போல் நின்றது. உண்மையில் யாரும் அங்கே முன்பதிவு செய்ததில்லை. பனிச்சறுக்குக் காலம் வந்துவிட்டால் மலை முழுக்க வெளியூர்க் கூட்டம். சாப்பிட இடம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கும். நனைந்த பூட்சோடு உள்ளே வந்து, ஒரு கிண்ணம் முள்ளங்கியை நாலு பேர் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நாற்காலியைத் தேய்க்கிறவர்களைக் கண்டாலே இகுயோவுக்கு ஆகாது. ஆனால் முகத்துக்கு நேரே ‘வராதே’ என்று சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. அதற்குத்தான் பலகை.

“உங்க முன்பதிவுக்காரங்க இன்னைக்கும் வரலையா, இகுயோ சான்?” என்று கேலி செய்தார் தோகுஜி. பனிச்சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை ஓட்டுகிறவர். வேலை முடிந்ததும் ஒரு கோப்பை சூடான சாக்கே மது குடிக்க இங்கேதான் வருவார்.

“வருவாங்க, வருவாங்க. நீங்க பேசாம முட்டையைத் தின்னுங்க.”

அவர் சிரிக்கவில்லை. “காலையில பாலத்துக்கிட்ட பனியைத் தோண்டி ரெண்டு பேரை எடுத்தாங்களாம். சின்னஞ்சிறு ஜோடி. அந்தப் பொண்ணு கையில போன் அப்படியே இருந்துச்சாம். சாப்பிட இடம் தேடித் தேடியே நடந்திருக்குதுங்க, பாவம்.”

“சிவப்புத் தொப்பியா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் குண்டானைக் கிளறினாள். நேற்றுப் பனிப்புயலில் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தது அவள்தான். “நின்னுக்கிட்டே சாப்பிட்டுடறோம்” என்று அந்தப் பெண் பல் கிடுகிடுக்கக் கெஞ்சினாள். காலி மேசைகள் தெரியாதபடி வாசலை மறைத்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து, “மன்னிக்கணும். எல்லாம் முன்பதிவு” என்றாள் இகுயோ. அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

தோகுஜி போனதும் காற்று கூரையைப் பிறாண்டத் தொடங்கியது. மண்ணெண்ணெய் அடுப்பின் நெடி, கொதிக்கும் மீன்சாற்றின் மணம், இரண்டுக்கும் அடியில் நனைந்த கம்பளியின் வாடை. யாரோ இப்போதுதான் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டதுபோல். இகுயோ திரும்பிப் பார்த்தாள். மூலையில் மறுபடி தண்ணீர். இம்முறை இரண்டு இடத்தில், எதிரெதிரே.

முன்பதிவு செய்தவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பலகையைக் கவிழ்ப்பார்கள்.

பலகை கவிழ்ந்து கிடந்தது.

கடையைச் சாத்திவிட வேண்டும். வாசலுக்கு மேலே கம்பில் தொங்கும் கடைத்துணியை உள்ளே எடுத்துவிட்டால் கடை மூடியதாக அர்த்தம். அதன்பிறகு இங்கே யாருக்கும் இடமில்லை. வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினாள். துணி விறைத்திருந்தது. கம்பை உருவினாள்.

பின்னால் கதவு மூடியது.

இழுத்தாள். அசையவில்லை. செருப்பு பனியில் புதைந்தது. தெருவில் ஒரு வெளிச்சமும் இல்லை. அடுத்த கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்.

“திறங்க!” தட்டினாள். கை மரத்தது. மறுபடி தட்டினாள். “யாராவது திறங்க!”

கதவு ஒரு சாண் திறந்தது. சூடு முகத்தில் பட்டது. உள்ளே ஓர் உருவம், வாசலை மறைத்தபடி, இடுப்பு வளையக் குனிந்திருந்தது. சிவப்புத் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நின்னுக்கிட்டாவது இருக்கேன்,” என்றாள் இகுயோ. பல் கிடுகிடுத்தது.

“மன்னிக்கணும்.” அது இகுயோவின் குரல்தான். “எல்லாம் முன்பதிவு.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ கிண்ணத்தில் சாறு ஊற்றும் சத்தம் கேட்டது.