சங்கு ஊதாத சாயங்காலம்

"நல்லா அழுத்தி உக்காரு. பூ மேல உக்காந்த மாதிரியில்ல உக்காந்திருக்க!"

"பொடிப்பிள்ள, மாஸ்டர். இன்னைக்குத்தான முதல் நாளு…"

"உன் தங்கச்சின்னா எலும்பு வேறயா? ஜில்லாப் போட்டியில வந்து அதைச் சொல்லு, மார்க்கு அள்ளிப் போடுவாங்க. சங்கு ஊதுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அழுதா மெத்தை நனையும். நனைச்சவளே காயப்போடட்டும்."

பொன்ராஜ் மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கேண்டீன் பக்கம் போய்விட்டார்.

சாந்தம்மாள் தங்கை பேச்சியின் முதுகில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டையும் இருபக்கமும் விரித்து, நெஞ்சை மெத்தையில் பதித்துக் கிடந்தாள் பேச்சி. உடம்பு வளையாத பிள்ளையின் மேல் மூத்த பிள்ளை உட்கார வேண்டும். ஃபேக்டரிச் சங்கு ஊதினால்தான் இறங்கலாம். கொழுந்து கிள்ளுவதும் கஞ்சி குடிப்பதும் சங்குக்குத்தான் என்றிருந்த எஸ்டேட்டில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் ஜெயிக்கிற பிள்ளைக்குப் பட்டணத்தில் ஹாஸ்டல், தினமும் முட்டை. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அம்மா பேச்சியையும் அனுப்பியிருந்தாள்.

முன்பு தேயிலைப் பெட்டிகள் அடுக்கிவைத்திருந்த கூடம் அது. பெட்டிகள் போன பிறகும் தூளின் கசந்த வாசனை பலகை இடுக்குகளில் தங்கியிருக்க, உடைந்த கண்ணாடி வழியே தேவிகுளத்து மேட்டிலிருந்து இறங்கிய மஞ்சுப் பனி மெல்ல உள்ளே வந்து, ஈரச் சாக்கின் நாற்றத்தோடு கலந்து, ஒற்றை பல்பைச் சுற்றி மஞ்சளாய் நின்றது. தங்கையின் மூச்சு தன் தொடைக்கடியில் ஏறி இறங்குவதைச் சாந்தம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன மூச்சு. அது இறங்கிய பிறகும் எங்கோ இன்னொன்று ஏறியது.

சுவரோரம் இன்னொரு மெத்தை கிடந்தது. அதன் பக்கம் அவள் பார்க்கவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே பார்ப்பதில்லை.

அன்றைக்கு அந்த மெத்தையில், பேச்சியைப் போலவே பழக வந்த சிசிலி நீலப் பாவாடையோடு கிடந்தாள். முதுகில் இதே சாந்தம்மாள்தான். மாஸ்டர் வெளியே போனார். கரண்ட் போயிற்று. கரண்ட் போனால் சங்கும் ஊமை. அது தெரிந்தும், இதோ ஊதிவிடும், இதோ ஊதிவிடும் என்று அவள் உட்கார்ந்தே இருந்தாள். முதலில் சிசிலி நடுங்கினாள். பிறகு நடுக்கம் நின்றது. பழகிவிட்டது போல என்று சாந்தம்மாள் நினைத்துக்கொண்டாள். மாஸ்டர் வந்து தூக்கியபோது ஒரு கால் மட்டும் துணிபோலத் தொங்கியது. எண்ணெய் போட்டு நீவிவிட்டார். டிஸ்பென்சரிப் பக்கம் போனால் பெயரை வெட்டிவிடுவேன் என்றார். இடுப்பு வீங்கி, காய்ச்சல் கண்டு, மழை விடுமுன் சிசிலியை மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

பல்பு சிவந்தது. கம்பி மட்டும் புழுப்போல நெளிந்தது. அணைந்தது.

கீழே பேச்சி நடுங்கத் தொடங்கினாள்.

சங்கு ஊதவில்லை. ஃபேக்டரியின் இரைச்சலும் இல்லை. மஞ்சு மட்டும். பேச்சி வாய் திறக்கவில்லை. ‘போதும்’ என்று சொன்னால் தோற்றதாக அர்த்தம். மாஸ்டர் முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.

நடுக்கம் குறைந்தது.

சாந்தம்மாள் துள்ளி எழுந்தாள். "போதும் பேச்சி. எந்திரி."

"சங்கு ஊதலையேக்கா?"

"போதும்னேன்ல. லயத்து வீட்டுக்கு ஓடு. மாஸ்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

"ஹாஸ்டலு?"

"ஓடு, கழுத!"

பேச்சி நொண்டி நொண்டிக் கதவைத் தாண்டினாள். சரளைக்கல்லில் அவள் காலடி கேட்டது. தூரமாயிற்று. நின்றது. சாந்தம்மாள் தாவணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். இவ்வளவு சின்ன சொல். இதைச் சொல்லத்தான் இத்தனை பயம்.

மூச்சு கேட்டது.

தன் மூச்சை அடக்கினாள். அப்போதும் கேட்டது.

சுவரோரம்.

ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் அந்த மெத்தைவரை போயிற்று. நீலப் பாவாடை. குப்புறக் கிடக்கும் சின்ன உடம்பு. கால்கள் நேர்கோட்டையும் தாண்டி, முதுகுப் பக்கமாக விரிந்திருந்தன. முதுகு நடுவில் குழிந்திருந்தது, மேலே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

மேலே யாரும் இல்லை.

தலை மெதுவாகத் திரும்பியது. கன்னத்தில் சாக்கு நூல் ஒட்டியிருந்தது. கோபமில்லாத முகம். களைத்த முகம்.

"அக்கா… எனக்கும் போதும்னு சொல்லுக்கா."