மூன்று பொத்தான்கள்

பொத்தான்கள் மூன்றும் இடவலமாகத்தான் கிடந்தன. அவனுக்கு அது நன்றாக நினைவிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகும்போது ஊன்றுகோலின் ரப்பர் முனை அவற்றின் மேல் ஏறி வழுக்கிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துத் தாண்டிப் போயிருந்தான். கூடத்திலும் படுக்கையறையிலும் தரை முழுக்க ஓர் ஆள் சப்பணமிட்டு உட்காரும் அளவுக்குப் பெரிய சதுரக் கற்கள். கல்லுக்கு ஒன்றாகச் சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு. திரும்பி வரும்போது நடுவில் பச்சை மட்டும் அதே இடத்தில் இருந்தது. சிவப்பு இரண்டும் இடம் மாறி, ஒன்று அதற்கு மேலேயும் ஒன்று கீழேயுமாகக் கிடந்தன.

“பட்டாணி, நீயா இத மாத்தி வச்ச?”

“நான் தொடவே இல்லப்பா.” படுக்கையறை வாசலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. முன்பல் விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பேச்சில் காற்று கலந்து வந்தது. “எதுன்னாலும் என்னையே சொல்லு.”

அவன் விட்டுவிட்டான். ஐந்து வயதுப் பிள்ளையின் பொய்யைப் பிடிக்கப் புறப்பட்டால் பகல் முழுக்க அதற்கே சரியாகப் போய்விடும். வெளியே காலையிலிருந்து ஒரே சீராக மழை. ஜன்னலை அடைத்து வைத்திருந்ததால் ஈரத்துணி வாடையும், மேஜையின் கீழே இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் சூடேறிய தூசி வாடையும் கூடத்தில் கலந்து நின்றன.

அவன் லிப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிப்டிலிருந்து மற்றவர்களை எல்லாம் பத்திரமாக இறக்கிவிட்டு, கடைசியில் தான் இறங்கும்போது காலை உடைத்துக்கொண்டவன். முட்டிக்கு மேல்வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் வீட்டில். அவனுடைய முணுமுணுப்பு தாங்காமல்தான் மனைவியின் தம்பி ஒரு நாள் வந்து, “சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்தான மாமா, இதப் போட்டு விடுறேன், பொழுது போகும்” என்று ஒரு தேடல் நிரலை மாட்டிவிட்டுப் போனான்.

தேடலின் விதி சின்னப் பிள்ளைக்கும் புரியும், பட்டாணிக்கே புரிந்துவிட்டது. திரை முழுக்கக் கட்டங்கள். சில உயிரோடு, மற்றவை காலி. உயிருள்ள கட்டத்தைச் சுற்றியிருக்கும் எட்டில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அதுவும் பிழைக்கும். ஒன்றுதான் என்றால் தனிமையில் சாகும், நான்கு வந்தால் நெரிசலில் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஓர் உயிர் பிறக்கும். எல்லாம் ஒரே துடிப்பில் நடக்கும், பிறகு அடுத்த துடிப்பு. கம்ப்யூட்டர் புள்ளிகளைக் கண்டபடி இறைத்து, ஆட்டம் அடங்கும்வரை ஓட்டி, மிஞ்சியதை எண்ணி இணையத்தில் ஒரு பொதுப் பட்டியலுக்கு அனுப்பும். எங்கெங்கோ ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. யாரும் வரையாமல், தானாகவே உருவாகும் அபூர்வ வடிவம் ஒன்று சிக்காதா என்று எல்லாருக்கும் ஏக்கம்.

“நான் அங்க ரத்த அணு எண்றேன், நீங்க இங்க கட்டம் எண்றீங்க. நல்ல ஜோடிதான்” என்றாள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி. பட்டாணியோ அம்மாவின் தையல் டப்பாவைக் கவிழ்த்துப் பொத்தான்களைத் தரைக்கற்களில் வைத்து அதே ஆட்டத்தை ஆடினாள். “மூணு பேர் வரிசையா நின்னா அப்படியே திரும்பிக்குவாங்க. மூணு பேர் மூலையா உக்காந்தா நாலாவது ஆள் வந்துரும். நாலு பேர் ஆயிட்டா அப்புறம் யாரும் எங்கயும் போக மாட்டாங்க.” அவன் கைகட்டி உட்கார்ந்து “சரிங்க டீச்சர்” என்றான். அவள் சிரித்த சிரிப்பில் வீடே கலகலத்தது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆரம்பத்தில் ஏதாவது சில சொற்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சொற்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் புள்ளிகளை இறைக்கும். அதே சொற்களை யார் கொடுத்தாலும் அதே புள்ளிகள், அதே முடிவு. நேற்றுச் சாயங்காலம் அதைப் பட்டாணியிடம் விட்டான். தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் பாடமாக்கி வைத்திருந்ததை அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: வீட்டு எண், மாடி, தெரு, “அப்பா, அம்மா, நான், மொத்தம் மூணு பேரு.” யோசிக்காமல் அப்படியே அடித்துவிட்டான்.

காலையில் பட்டியலில் இல்லாத ஒரு வடிவம் சிக்கியிருந்தது. கட்டட வரைபடங்களையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவனுடையது. வெளிச்சுவர், குளியலறையின் அரைச்சுவர், வாசலுக்கு விட்ட இடைவெளி, கூடம், உள்ளே படுக்கையறை. அவன் வீடு. உள்ளே அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள், சுவருக்கு வெளியே தள்ளி ஒரு புள்ளி. பெருமை தலைக்கேற, உடனே பட்டியலுக்கு அனுப்பினான். அங்கே வழக்கம் ஒன்று உண்டு: யாராவது அபூர்வமாக ஒன்றைக் கண்டதாகச் சொன்னால், அதே சொற்களைக் கொடுத்து வேறு யாராவது தங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

பொத்தான்களைத் தாண்டி வந்து உட்கார்ந்தபோது திரையில் எழுதியிருந்தது: ஓட்டிப் பார்த்தவர்கள், ஒருவர்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டானது. டக்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். லிப்ட் மோட்டார் அறையில் ரிலே சுவிட்ச் விழும் சத்தம். ஆனால் இது கூடத்தின் வாசல் பக்கத்தில், தரைக்குள்ளிருந்து வந்தது. திரும்பினான். பொத்தான்கள் மறுபடி இடவலமாகக் கிடந்தன. வாசலருகே ஜோடியாக விட்டிருந்த மனைவியின் வீட்டுச் செருப்பு இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத இரண்டு பாதத் தடங்கள் மட்டும் இருந்தன.

சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எந்த மெக்கானிக்கால் முடியும்? அதே சொற்களைக் கொடுத்துத் தானே ஒருமுறை ஓட்டினான். டக். பொத்தான்கள் திரும்பின. வாசலில் மாட்டியிருந்த பழைய குடை இல்லை. டக், வேறு யாரோ. இப்போது அழிவு வாசலிலிருந்து ஒரு வரிசைக் கல் உள்ளே வந்திருந்தது. பூந்தொட்டி இல்லை. சுவரோரம் இரண்டுக்கு இரண்டாக நெருக்கி வைத்திருந்த நான்கு தண்ணீர் கேன்கள் மட்டும் ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தன. நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல்களை எடுக்கக் கை நீட்டினான். டக். விரல்கள் காற்றைப் பிடித்தன.

தனியாக இருப்பது சாகும். ஜோடியாக இருப்பதும் சாகும்.

வீட்டில் இப்போது அவனும் பட்டாணியும். இரண்டே பேர்.

பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர் அணைந்தது. டக். நாற்காலியிலிருந்து தரையில் விழுந்து, மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றிப் படுக்கையறைக்குத் தவழ்ந்தான். வலி உச்சந்தலையில் ஏறியது. “எந்திரிம்மா, உள்ள போ, அப்பா கூடவே இரு, தள்ளிப் போகாத!” வெளியே ஓடிவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. தனியாகவா? தனியாக அனுப்புவதா? பல்லைக் கடித்துக்கொண்டு அவளை மடியில் அமுக்கிக்கொண்டான்.

போனில் மச்சினனைப் பிடித்தான். “அத எடுத்துரு! பட்டியல்லருந்து தூக்கிரு, இப்பவே!”

“என்ன மாமா மூச்சு வாங்குறீங்க? எடுத்துரலாம். ஆனா பாத்தவங்ககிட்ட எல்லாம் அந்த வரி இருக்குமே. அத எப்படி எடுக்குறது?”

அந்த வரி. வீட்டு எண், மாடி, தெரு. அப்பா, அம்மா, நான். யார் யாரோ, எங்கெங்கோ, தங்கள் கம்ப்யூட்டரில் அதை எழுத்துப் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலின் கீழே எல்லாரும் பேசிக்கொள்ளும் இடத்தில் போனிலேயே அவசர அவசரமாக எழுதினான்: தயவுசெய்து இதை யாரும் ஓட்ட வேண்டாம். என் குழந்தை வீட்டில் இருக்கிறாள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அவன் வாழ்நாளில் செய்ததில்லை. அபூர்வம் எங்கே என்று அலைகிற கூட்டத்திடம் போய், இங்கே இருக்கிறது, தொடாதே என்றால்?

“இப்படிச் சொன்னப்புறம் ஓட்டாம இருக்க முடியுமா!” என்று ஒருவர். “நல்ல கதை சார். நானும் ஓட்டினேன்” என்று இன்னொருவர். பதினொன்று. நாற்பத்தாறு. இருநூற்று எட்டு. கூடத்தில் அந்தச் சத்தம் சோளம் பொரிவது போலக் கேட்டது. கதவிடுக்கு வழியே பொத்தான்கள் திரும்பித் திரும்பி விழுவது தெரிந்தது. நாற்காலி இல்லை. மேஜை இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை. தண்ணீர் கேன்கள் மட்டும் இருந்தன.

மனைவியைக் கூப்பிட்டான். “வா. உடனே வா. கேக்காத, வந்துரு.”

அவன் குரலில் என்ன இருந்ததோ, அவள் அப்போதே கிளம்பிவிட்டாள். பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது எண் முன்னூற்று முப்பதில் நின்றிருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட, தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருக்க, காலியாய்க் கிடந்த கூடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“நிக்காத! இப்பவே ஓடி வா! ஓடு!”

ஓடி வந்தாள். படுக்கையறை வாசலில் கைப்பையையும் விரிக்காத குடையையும் கீழே போட்டாள். டக். அவள் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஈரம் மட்டும் இருந்தது.

“என்னங்க இது,” என்றாள், மெதுவாக. “என்னங்க நடக்குது நம்ம வீட்ல?”

“அப்புறம் சொல்றேன். இப்ப மூணு பேர் இருக்கோம். மூணு பேர் இருந்தா பிழைச்சுக்கலாம்.”

எப்படி உட்காருவது? அவன் மூளை அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. வரிசையாக உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பிழைப்பார். ஓரத்தில் இருவருக்கும் பக்கத்தில் ஒருவர்தான். ஓரத்தில் இருப்பவர்கள் சாவார்கள். கூடாது. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இரண்டு பேர் வேண்டும். மூலை. மூலையாக உட்கார வேண்டும்.

“பட்டாணி, நீ சுவர் மூலைல, இந்தக் கல்லுல. நான் உனக்கு வலப்பக்கம்.” மனைவியின் பக்கம் திரும்பினான். “நீ அவளுக்கு முன்னாடி உக்காரு. கல்லத் தாண்டாத. அவ கையப் பிடிச்சுக்க.”

ஆளுக்கு ஒரு கல். எண்ணினான். பட்டாணிக்குப் பக்கத்தில் இரண்டு பேர். மனைவிக்கு இரண்டு பேர். அவனுக்கும் இரண்டு பேர். மறுபடி எண்ணினான். சரி. சரியாக இருக்கிறது. அன்று காலையிலிருந்து முதல்முறையாக முழு மூச்சு வந்தது. மகளின் உச்சியில் முத்தமிட்டான். மெழுகுப் பென்சில் வாசனை. மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவனும்தான்.

வாசலோரக் கல்லில் கிடந்த படத்தாள். டக். இல்லை.

அடுத்த வரிசை. கட்டிலடியில் பந்து. டக். இல்லை.

இன்னும் ஒரே வரிசை.

“ஒண்ணும் ஆகாது,” என்றான். “எண்ணிப் பாத்துட்டேன். நம்மள ஒண்ணும் செய்ய முடியாது.”

“அப்பா.” பட்டாணியின் குரல் மிகச் சின்னதாக இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால், அம்மாவுக்குப் பக்கத்தில், மூவரையும் தொட்டுக்கொண்டு காலியாகக் கிடந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மூலையா உக்காந்தா...”

அவனுக்குப் புரிந்தது.

நகரு. கத்த வாயைத் திறந்தான்.

டக்.

முழங்காலில் ஏதோ இடித்தது. குளிர்ந்த முழங்கால்.

மழையில் நனைந்த தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. ஒரு கால் வெள்ளையாக, நீட்டிக்கொண்டு, மாவுக்கட்டின் வாடையோடு. மூவரிடமிருந்தும் எடுத்துக்கொண்ட முகம். அது பட்டாணியைப் பார்த்துச் சிரித்தது, முன்பல் இல்லாமல்.

டக். டக். டக். கூடத்தில் பொத்தான்கள் திரும்பின. இங்கே எதுவும் அசையவில்லை. அவன் கை மகளின் தோளில் இருந்தது, எடுக்க வரவில்லை. மனைவியின் கன்னத்தில் வழிந்த நீர் பாதியில் நின்றிருந்தது. மடியில் கிடந்த போனில் எண் ஏறிக்கொண்டே போனது. அதன் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: அடங்கிவிட்டது. இனி மாறாது.

கண்ணை மூட முடியவில்லை. எதிரே நான்காவது கல்லில் அது முழங்கால் தொட உட்கார்ந்திருந்தது. பட்டாணியின் இன்னொரு கை அதன் கைக்குள் இருந்தது.