இருபதாவது ஸ்பூன்

எல்லா ஸ்பூன்களையும் குப்புறத்தான் வைத்திருந்தார் சர்வர். இருபதாவது மட்டும் மல்லாந்து கிடந்தது.

கண்ணாடிப் பெட்டியின் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. பொருளைக் கொடுத்தவரே பெட்டியைப் பூட்டி, மாலையில் மூடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அந்தச் சின்ன அருங்காட்சியகத்தின் ஏற்பாடு. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனால் பேச்சுத்துணைக்குச் சுவர்தான் உண்டு. முப்பது வருஷத்தில் பத்தொன்பது ஓட்டல் மாறியவர், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஸ்பூன் கொண்டுவந்திருந்தார்.

"சுட்டதுதானே ஐயா?" என்று முதல் நாளே சிரித்தாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

"சேச்சே, ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டதும்மா."

பெட்டியில் இருபது ஸ்பூனுக்கு இடம் இருந்தது. ஒன்று காலியாக விட்டால் பொக்கைவாய் மாதிரி தெரியுமே என்று, செத்துப்போன மனைவி மருந்து குடித்த ஸ்பூனைக் கடைசியாக வைத்துவிட்டார். 'கடைசிவரை என் கையால்தான் மருந்து கொடுத்தேன்' என்று அட்டையும் எழுதினார். அட்டையைப் படித்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எத்தனை நாளாயிற்று ஒரு மனிதக் கை மேலே பட்டு!

ஆனால் எழுதியது பச்சைப் பொய்.

ஓட்டலில் எவனாவது ஸ்பூனால் டம்ளரைத் தட்டினால் போதும், "இதோ வந்துட்டேன்" என்று ஓடுவார். படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவியும் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவாள், மூன்று தட்டு. அன்றைக்குக் கால்கடுக்க நின்று வந்த அலுப்பு அவருக்கு. தட்டினாள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். மறுபடி தட்டினாள். எழுந்திருக்கவில்லை. விடிந்து பார்த்தபோது ஸ்பூன் அவள் விரலிடுக்கில் இருந்தது, கை சில்லிட்டிருந்தது.

"ஏம்மா, பெட்டியை யாராச்சும் தொறந்தாங்களா?" என்று டிக்கெட் பெண்ணைக் கேட்டார்.

"சாவி உங்ககிட்ட, கேள்வி என்கிட்டயா? நல்லா இருக்கே! நான் பின்பக்கம் ஜன்னலெல்லாம் சாத்திட்டு வரேன், நீங்க கிளம்புங்க ஐயா."

அவளுடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு அறையாகத் தாண்டி, ஒவ்வொரு விளக்காக அணைந்து, கடைசியில் அவர் தலைக்கு மேலிருந்த ஒற்றைக் குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியபோது, பூட்டிய கண்ணாடிக்குள்ளிருந்து இருமல் மருந்தின் கசப்பும் இனிப்பும் கலந்த வாசனை மெல்லக் கசிந்து வந்தது.

டிங். டிங். டிங்.

ஓடிவிடலாம். வாசல் பத்தடிதான். வாசல் பக்கம் ஓரடி வைத்தார்.

மறுபடி மூன்று.

இந்தத் தடவையும் போர்வையை இழுத்துக்கொள்ள முடியுமா? அந்த அட்டையையாவது கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

"இதோ... வந்துட்டேன்டி," என்றார். சாவியை எடுத்துப் பூட்டுக்குள் நுழைத்தார். திறந்தார்.

இருபதும் மல்லாந்திருந்தன.

ஸ்பூன் குழிக்குள் முகம் தலைகீழாகத்தான் தெரியும். ஆயுசு முழுக்க ஸ்பூன் துடைத்தவருக்குத் தெரியாததா? இருபது குழியிலும் அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம்.

அது நேராக இருந்தது.

வாயைத் திறந்து வைத்திருந்தது, மருந்துக்காக.