ஒரே பெயரில் இரண்டு குரல்கள்

மழை விட்டும் விடாததுமாக இருந்த ஒரு மத்தியானத்தில், கம்ப்யூட்டர் ரிப்பேர் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தம்பி தன் அக்கா வீட்டுப் படியேறினான். அக்கா இல்லாத வீடு. அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

மணியைத் தொடும் முன்பே கதவைத் திறந்தாள் அக்காவின் மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான்.

“மாமா, ஷூவ வெளியவே கழட்டுங்க. அப்பா இப்பதான் தரையத் தொடச்சாரு. நானும் தொடச்சேன். நான் தொடச்ச எடத்த அப்பா மறுபடியும் தொடச்சாரு.”

“மூச்சு விட்டுட்டுப் பேசுடி.”

“விட்டா மறந்துடும் மாமா.”

உள்ளேயிருந்து அத்தான் வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. “வா மாப்ள” என்றவர், காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் நேரே அந்தச் சின்ன அறைக்கு அழைத்துப் போனார்.

அக்கா பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவந்தவள். வெளிச்சத்தம் நுழையக் கூடாதென்று அந்த அறையின் சுவர் முழுக்கப் பழைய கம்பளிகளை ஆணியடித்து மாட்டியிருந்தாள். உள்ளே கால் வைத்ததும் காது அடைத்துக்கொண்டது. பட்டப்பகலிலும் விளக்குப் போடவேண்டியிருந்தது. கம்பளியின் ஈர வாடையோடு, கம்ப்யூட்டர் பொசுங்கிய நாற்றம் இன்னும் போகாமல் நின்றது. அவள் வாசித்தது மொத்தமும் அதில்தான் இருந்தது. போன வாரம் அதன் டிஸ்க் எரிந்துபோயிற்று.

“அவ குரல் மட்டும் கெடச்சாப் போதும் மாப்ள. வேற எதுவும் வேணாம்.” அத்தான் குரலைத் தாழ்த்தினார். “புள்ள மறந்துட்டா. அம்மா எப்படிடா பேசுவான்னு நேத்து கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, தெரியலப்பாங்கறா.”

அக்கா கில்லாடி. எதையும் இரண்டு இடத்தில் வைப்பவள். அலமாரியின் மேல்தட்டில், கைக்குட்டையில் சுற்றிய பேக்கப் டிஸ்க் கிடைத்தது. மேலே தூசி திட்டாகப் படிந்திருந்தது. தம்பி கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, பேக்கப்பை இணைத்துத் திறந்தான்.

கடைசியாக நகல் எடுத்த தேதி, நேற்று.

“அத்தான், நேத்து இத மாட்டினீங்களா?”

“மாட்டத் தெரிஞ்சா உன்ன எதுக்குடா கூப்புடறேன்?”

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரம் கெட்டால் தேதி தாறுமாறாகக் காட்டும். அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒரு பாடத்தை ஓடவிட்டான்.

“மூன்றாம் பாடம். நீரின் பயணம்.”

அக்காவேதான். அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தாள். கடல், ஆவி, மேகம். பிறகு வாசிப்பு நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பியா?” என்றது பதிவு. “வந்துட்டியா. சீக்கிரம் எடு.”

தம்பி பதிவை நிறுத்தினான். என்றைக்கோ அவள் வாசிக்கும்போது தான் கதவைத் தட்டியிருக்கலாம். எடு என்றது வேறெதையோ பற்றி இருக்கலாம். அவன் அத்தானைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

எல்லாப் பாடங்களையும் தேர்ந்தெடுத்து, மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தினான். உடனே திரையில் ஒரு கேள்வி எழுந்தது. இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. அதன் மேல் எழுதவா?

புது டிஸ்க். இப்போதுதான் உறையைப் பிரித்தான். அதில் ஒரு தூசுகூட இருக்க வழியில்லை.

அந்த ஃபைலைத் திறந்து கேட்டான்.

“நான் தொடச்ச எடத்த அப்பா மறுபடியும் தொடச்சாரு.”

வாயாடியின் குரல்.

“அத்தான், இதுல ஏதோ சரியில்ல. நான் கடைக்கு எடுத்துட்டுப் போய்...”

சொல்லி முடிக்கவில்லை. அத்தான் அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, எல்லாவற்றுக்கும் ஆம் என்பதை அழுத்திவிட்டார்.

திரையில் நகல் ஏறுவதைக் காட்டும் பட்டை நகரத் தொடங்கியது.

ஹாலில் வாயாடி பொம்மையைக் கண்டித்துக்கொண்டிருந்தது திறந்த கதவு வழியே கேட்டது. “நீ ஏன் ஹோம்வொர்க் பண்ணல? பண்ணலன்னா டீச்சர்...” அவள் செருமினாள். “டீச்சர்...” மறுபடி செருமினாள். கரகரவென்று ஏதோ சொல்ல வந்தாள். வார்த்தை பாதியில் அறுந்தது.

பிறகு சத்தமே இல்லை.

அந்த வீட்டில் அவள் விழித்திருக்கும்போது சத்தமில்லாமல் இருந்ததே கிடையாது.

தம்பி நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. கேபிளைப் பிடுங்கினான். பட்டை நகர்ந்தது. மேஜைக்கடியில் தவழ்ந்து போய், கம்ப்யூட்டருக்கும் விளக்குக்கும் சேர்த்துப் போட்டிருந்த மின்கம்பியை இழுத்தான். விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. பட்டை கடைசிவரை போய் நிறைந்த பிறகுதான் அதுவும் அணைந்தது.

வாசலில் வாயாடி வந்து நின்றாள்.

வாயைத் திறந்தாள்.

“என்னங்க, அந்தக் கதவச் சாத்துங்க. மழச் சத்தம் பதிவாகுது பாருங்க.”

அக்காவின் குரல். வளர்ந்த பெண்ணின் கனத்த, பொறுமையான குரல், அந்தப் பால்பல் விழுந்த வாயிலிருந்து வந்தது.

அத்தான் மண்டியிட்டார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைத்தான் தம்பியால் பார்க்க முடியவில்லை.

“விட்டுடு மாப்ள” என்று முணுமுணுத்தார். “வந்துட்டா.”

“அத்தான், புள்ள எங்க?”

“அவளும் இங்கதான இருக்கா.”

குரல் நிதானமாகப் பாடம் வாசிக்கத் தொடங்கியது. கடல், ஆவி, மேகம். ஆனால் அந்தப் பிள்ளையின் கண்களிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. சின்ன விரல்கள் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டன. வாயை அவள் மூடப் பார்த்தாள். மறு கையால் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து அக்கா வாசித்துக்கொண்டே இருந்தாள்.

தம்பி அன்று அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். “அம்மா போன ஏக்கம். அம்மா மாதிரியே பேசிப் பாக்கறா. போகப் போகச் சரியாயிடும்.” பின்னாலேயே வந்த அத்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டார். பெற்றவர் கேட்கும்போது கொடுக்காமல் என்ன செய்வான்? தோள் மேலிருந்து அவள் அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.

பேக்கப் டிஸ்க்கைத் தன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்து தேடினான். கடையைத் திறப்பதும் தேடுவதும் மட்டுமே வேலையாயிற்று. பெயரால் தேடினான், தேதியால் தேடினான், அழிந்த இடங்களையெல்லாம் துழாவினான். அக்காவின் பாடங்கள் ஒன்றுகூட இல்லை. வாயாடியும் இல்லை. அவனுடைய ஃபோனுக்கு அவள் அனுப்பிய குரல் செய்திகள் அத்தனையும் இருந்தன. திறந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடியது, யாரோ பேசுவதற்கு முன் அறையில் இருக்கும் சத்தம் மாதிரி.

இடையில் அத்தானிடமிருந்து அழைப்பு வரும். எடுத்தால் அக்கா பேசுவாள், சாப்பிட்டியாடா என்று. அவன் வைத்துவிடுவான்.

ஒரு நாள் முற்பகலில், கடைக்கு வெளியே வண்டிகள் போய்வந்துகொண்டிருக்க, தேடியதில் ஒன்று கிடைத்தது. பெயரில்லாத, சின்ன ஃபைல். ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

“மாமா.”

வாயாடிதான். ரகசியம் சொல்வதுபோல.

“இங்க நெறைய பேரு இருக்காங்க மாமா. யாருமே பேசமாட்டேங்கறாங்க. நான் மட்டும்தான் பேசறேன்.”

அவ்வளவுதான் இருந்தது. இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கப் பார்த்தான். முடியவில்லை. திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன்னையறியாமல் கேட்டான்.

“எங்கடி இருக்க?”

ஃபைலின் நீளம் கூடியது.

அவன் கண்ணெதிரேதான் கூடியது. மறுபடி ஓடவிட்டான். அதே வார்த்தைகள், அதற்குப் பிறகு ஒரு மௌனம்.

“நீங்க பேசறது கேக்குது மாமா.” அழுகையை அடக்கும் குரல். “பேசாதீங்க. அவங்களுக்கும் கேக்குது.”

அவளுக்குப் பின்னால், வெகு ஆழத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஓர் ஆணின் குரல், புதிதாக எழுதப் பழகும் கைபோல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது.

“எங்கடி... இருக்க?”

அது தம்பியின் குரல்.

அவன் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தான். கரகரவென்று காற்றுதான் வந்தது.