இருங்க, வாரேன்

மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் அத்தாயி பஸ்ஸை விட்டு இறங்கியபோது எதிர்ச்சாரிப் பழக்கடைகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐப்பசி மூடுபனி ரோட்டை விழுங்கியிருந்தது. மலைவாழைப்பழ வாசமும் மிளகுச் சாக்கின் காரமும்தான் கடை எந்தப் பக்கம் என்று காட்டின. துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டுப் பழைய வெள்ளைக்காரன் பங்களாவுக்கு நடந்தாள். இப்போது அது ரிசார்ட். கூட்டிப் பெருக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

பெருக்குகிற வேலை அவள் ஊர்ப்பக்கம், குண்டனி நாட்டிலேயே கிடைத்திருக்கும். அவள் வந்தது அதற்கில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அவள் புருசன் சின்னுசாமி இதே பங்களாவில் புதுக்கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்ட வந்தான். தோளில் கடப்பாரை, வாயில் பீடி. வாசலில் நின்று, எப்போதும் சொல்கிற அதே சொல்லைச் சொன்னான்.

"இரு, வாரேன்."

வரவில்லை. கூட வேலை செய்த ஒருத்தியை இழுத்துக்கொண்டு கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்று காண்ட்ராக்டர் சொல்லியனுப்பினார். ஊர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. குழாயடியில் குடம் வைக்கப் போனால், "என்ன அத்தாயி, உன்ற ஊட்டுக்காரன் இந்நேரம் மலையாளம் பழகியிருப்பானா?" என்று சிரித்தார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது மட்டும் விரல் தடுமாறும். இது ஓடிப்போனவனுக்கு வைக்கிற பொட்டா, செத்துப்போனவனுக்கு வைத்துக்கொண்டிருக்கிற பொட்டா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி நாமக்கல்காரர். மேசைக்குப் பின்னாலிருந்து நிமிராமல் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"பைல் நாடுங்க." பொய்தான்.

"ஊட்டுக்காரன்?"

"வெளியூர் போயிருக்காருங்க."

அவர் நிமிர்ந்தார். தாலிக்கயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கயிற்றைப் பார்த்தார். "சரி, சரி" என்றார். ஒரு பெருக்குகிறவளை எதற்கு இத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று அத்தாயி மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சமையல்காரி பெருமாயிதான் இடத்தைச் சுற்றிக் காட்டினாள். பங்களாவுக்குப் பின்னால் சரிவில் ஒரு தெருவே கட்டியிருந்தார்கள். முதலாளியின் மகன் கடல் கடந்து கியூபெக் என்ற ஊரில் இருக்கிறானாம். அங்கே எல்லாரும் பிரெஞ்சுதான் பேசுவார்களாம். நூற்றாண்டுகள் கண்ட கோட்டை ஊர். போய்ப் பார்த்துவிட்டு வந்த முதலாளிக்கு ஊர்மேல் பித்துப் பிடித்துவிட்டது. அங்கே சுற்றிப் பார்க்க வேண்டியதையெல்லாம் குட்டி குட்டியாக இங்கே கட்ட வைத்துவிட்டார்.

"பாத்துக்க கண்ணு, இதான் வெளிநாடு" என்றாள் பெருமாயி. "பாஸ்போட்டு வேண்டாம். வெளக்கமாறு போதும்."

மதிலோடு ஒரு கோட்டைவாசல். அதை ஒட்டிச் சக்கரம் வைத்த பீரங்கி. பிறகு மேல் நகரத்திலிருந்து கீழ் நகரத்துக்கு இறங்கும் செங்குத்தான படி. ஒவ்வோர் இடத்திலும் கல்தூணில் ஓர் இரும்புப் பெட்டி பொருத்தியிருந்தது. பொத்தானை அழுத்தினால் பிரெஞ்சுக்காரி ஒருத்தி பேசுவாள். அவளுக்குப் பின்னால் நம் ரேடியோக்காரி போல் ஒரு குரல் தமிழில் சொல்லும்.

படிக்கட்டுப் பெட்டியை அத்தாயி துடைக்கும்போது பொத்தான் அழுந்திவிட்டது. புரியாத பேச்சு தண்ணீர்போல் வழிந்தது. நடுவில் ஒரு சொல்.

"அத்தாந்தே."

அவள் கையிலிருந்த துணி நழுவியது. தன் பேரை யார் இந்தப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தது?

"இது கழுத்தொடிப் படிக்கட்டு" என்றது தமிழ்க்குரல். "செங்குத்தாக இருப்பதால் இந்தப் பெயர். கவனமாக இறங்கவும்."

படி முடிகிற இடத்தில்தான் ஓவியச் சுவர். பங்களாவின் உயரத்துக்கு நின்றது. அந்த ஊரில் அப்படி ஒரு சுவர் இருக்கிறதாம்; கல்லும் சன்னலும் மனுசரும் எல்லாமே வெறும் பெயிண்ட். தொப்பி வைத்த துரைகள், பாவாடை விரிந்த துரைசானிகள், எல்லாரும் சன்னல்களில் நின்று கீழே பார்த்தார்கள். அடிவரிசையில் ஒரு சன்னல் மட்டும் மூடியிருந்தது. பச்சைக் கதவு. அதைச் சுற்றி ஈரம் பரவிக் கிடந்தது.

"இதை ஏன் சாத்தி வரைஞ்சாங்க அக்கா?"

பெருமாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அதுலயும் ஒரு ஆளைத்தான் வரைஞ்சாங்களாம். நிக்கலியாம். காலையில வந்து பாத்தா மூஞ்சி மட்டும் வழிஞ்சு கிடக்குமாம். சலிச்சுப்போயி கதவை வரைஞ்சு சாத்திட்டாங்க."

"இங்க தோண்டும்போது ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"எனக்கு முந்தி நடந்தது, நான் என்னத்தைக் கண்டேன்? வா, உலை கொதிக்கும்."

கேட்டது ஒன்று, பதில் ஒன்று. அத்தாயி அதையும் முடிந்து வைத்தாள்.

அந்த வாரம் புதுச்சேரியிலிருந்து ஜெனிபர் என்று ஒரு டீச்சர் வந்து தங்கினாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லித்தருகிறவள். பெட்டி பெட்டியாக நின்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அத்தாயி துணியும் கையுமாகப் பக்கத்தில் போனாள்.

"ஏனுங்க டீச்சர், இந்தப் பொம்பளை எதுக்குங்க என்ற பேரைச் சொல்லிக் கூப்பிடுது?"

"உங்க பேரா?"

"அத்தாயிங்க. எல்லாப் பொட்டியிலயும் கூப்பிடுதுங்க."

ஜெனிபர் வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ அக்கா, அது உங்க பேரு இல்ல. அத்தாந்தேன்னா காத்திருங்க, கொஞ்சம் நில்லுங்கன்னு அர்த்தம். அவசரப்பட்டு ஓடாதீங்க, நின்னு பாருங்கன்னு சொல்றாங்க."

அத்தாயியும் சிரித்தாள். வெட்கமாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டேதான் இருவரும் கழுத்தொடிப் படி இறங்கினார்கள். ஜெனிபர் கடைசிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

கரகரவென்று மண் சரிகிற மாதிரிச் சத்தம். அப்புறம் ஒரே ஒரு சொல்.

"ஜத்தாங்."

ஆண் குரல்.

ஜெனிபரின் சிரிப்பு நின்றது. இன்னொரு தரம் அழுத்தினாள். அதே சொல். தமிழ்க்குரல் வரவே இல்லை.

"என்னங்க டீச்சர் சொல்லுது?"

"நான் காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுது." அவள் மூடிய சன்னலைப் பார்த்தாள். "ஊர் சுத்திப் பாக்க வர்றவங்ககிட்ட இதை எதுக்குச் சொல்லணும்? உச்சரிப்பும் சரியில்ல. யாரோ கேட்டுக் கேட்டுப் பழகின மாதிரி இருக்கு."

'மலையாளம் பழகியிருப்பானா?' என்ற குழாயடிச் சிரிப்பு அத்தாயியின் காதில் வந்து மோதியது.

சாயங்காலம் ஜெனிபர் மேனேஜரிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஈஸ்வரமூர்த்தி கையில் கட்டிங்பிளேயரோடு படி இறங்கினார். கடைசிப் பெட்டியின் ஒயரை வெட்டினார். வெட்டிய ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். பல் துலக்காத முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மரத்துக்குப் பின்னால் விளக்கமாற்றோடு நின்ற அத்தாயியை அவர் கவனிக்கவில்லை.

ரிப்பேர் என்றால் ஆளைக் கூப்பிட்டிருப்பாரே. தானே வந்து வெட்டுவானேன்? அதுவும், ஏறும்போது அந்த மனுசன் சுவருக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினாரே, அது எதற்கு?

டீச்சர் ஊருக்குப் போன அன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. மரம் தெரியவில்லை, பங்களா தெரியவில்லை. மழையும் இல்லை, காற்றும் இல்லை. அத்தாயி படியில் சருகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

வாசம்தான் முதலில் வந்தது.

புதுசாகத் தோண்டிய மண். அதன்மேல் பீடிப்புகை.

அவள் விளக்கமாற்றை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஜத்தாங்."

ஒயர் இல்லாத பெட்டி.

கால் தானாக இறங்கியது. சன்னல்களில் நின்ற துரைமார் முகமெல்லாம் பனியில் கரைந்துபோயிருந்தது. பச்சைக் கதவு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஈரத்தில் கையை வைத்தாள். சுவர் குளிரவில்லை.

வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

டங்.

டங்.

ஓர் இடைவெளி. மறுபடி டங், டங். கல்லில் கடப்பாரை போடுகிற சத்தம். ரெண்டு போடு போட்டுவிட்டு உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்க்கிறவன் விடுகிற இடைவெளி. அந்தத் தாளத்தை அவள் தன் சொந்தக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள்.

"மாமா" என்றாள், மூச்சாக.

"அங்க என்ன பண்றே?"

படியின் பாதியில் ஈஸ்வரமூர்த்தி நின்றார். அவள் திரும்பவில்லை.

"உள்ள யாருங்க?"

"செவுத்துக்குள்ள யாரு இருப்பாங்க? மேல வா. வேலையப் பாரு."

"நான் பைல் நாடு இல்லீங்க. குண்டனி நாடு. சின்னுசாமி பொஞ்சாதி."

டங். டங்.

இந்தத் தடவை அவருக்கும் கேட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து ஏறப் பார்த்தார். மேல்படிப் பெட்டி, யாரும் தொடாமலே, மென்மையாகச் சொன்னது:

"அத்தாந்தே."

அவர் கால் நின்றது. கீழே இறங்கப் பார்த்தார். இறங்கினால் சுவர். அங்கேயே கிடந்து பேசினார்.

"அப்ப நானும் இங்கதான் மேற்பார்வை பாத்தேன். மழையில மண்ணு சரிஞ்சிருச்சும்மா. ஆள் உள்ள போயிட்டான். சத்தியமா நான் தள்ளல. போலீசுன்னு போனா வேலையே நின்னுரும்னு காண்ட்ராக்டர் சொன்னாரு. மத்த ஆளுங்களை அப்பவே லாரியில ஏத்தி அனுப்பிட்டாரு. கான்கிரீட்டு வண்டி வந்து நிக்குது…"

"செத்துட்டாருன்னு பாத்தீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"பாத்தீங்களாங்க?"

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"உள்ளயிருந்து குரல் குடுத்தான். 'இருங்க, வாரேன்… இருங்க, வாரேன்'னான்."

பனி அசையவில்லை.

"நாங்க இருக்கல."

பெருமாயி ஆள் கூட்டிக்கொண்டு வரும்வரை ஈஸ்வரமூர்த்தியால் அந்தப் படியை விட்டு நகர முடியவில்லை. போலீசிடம் எல்லாவற்றையும் அவரே ஒப்பித்தார். காண்ட்ராக்டரை ஆத்தூரில் வைத்துப் பிடித்தார்கள். ஓவியச் சுவரை உடைத்தபோது துரைமாரும் துரைசானிகளும் பொலபொலவென்று உதிர்ந்தார்கள். சரியாகப் பச்சைக் கதவுக்கு நேர் கீழே சின்னுசாமி இருந்தான். எலும்புக் கை கடப்பாரையைப் பிடித்திருந்தது. கடப்பாரையின் நுனி மேலே பார்த்திருந்தது. அதற்கு மேலே கான்கிரீட்டில் ஒரு பள்ளம், ஆள் தலை நுழையும் அளவுக்குக் குடைந்து தேய்ந்திருந்தது.

ஈரக் கான்கிரீட்டில் ஒரு மனுசன் அவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அது இறுகின பிறகு விழுந்த கொத்து என்று உடைத்த கொத்தனார் சொன்னார்.

அத்தாயி அழுதாள். ஆனால் அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அவன் ஓடிப்போகவில்லை. எங்கேயும் போகவில்லை. இரண்டு வருசமாக மண்ணுக்குள் கிடந்து, வருகிறவர் போகிறவரெல்லாம் அழுத்திய பெட்டிகளைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அவன் காதுக்கு வேறு எந்தப் பேச்சு எட்டியது?

குண்டனி நாட்டில், அவர்கள் வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஓடிய சில்வர் ஓக் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். ஊரே வந்தது. குழாயடியில் சிரித்தவர்கள் முந்தானையை வாயில் வைத்து நின்றார்கள். பெருமாயியும் வந்திருந்தாள். மண் தள்ளி முடிந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். சாவு நடந்த இடத்தில் போய்விட்டு வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. பேசாமல் கிளம்ப வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

அத்தாயி ராத்திரியெல்லாம் தூங்காதவள். நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது. பெருமாயி கையைப் பிடித்து இழுக்க, நகர்ந்தவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். காட்டுக்கும் சந்தைக்கும் கிளம்பும்போது கட்டிலில் கிடக்கிற புருசனிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

"இருங்க மாமா, வாரேன்."

பெருமாயி அவள் வாயைப் பொத்தினாள்.

"என்ன காரியம்டி பண்ணிட்டே" என்றாள், காதோடு.

சொல் வெளியே போய்விட்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகு, ஒரு காலையில் அத்தாயி பின்கட்டைப் பெருக்கப் போனாள். மழை விட்டு வாரமாகியிருந்தது. நல்ல வெயில். சில்வர் ஓக் மரத்தைப் பார்த்திருந்த மண்சுவரில், அடிப்பக்கம், ஒரு ஈரம்.

சதுரமாக இருந்தது. ஒரு சன்னல் அளவு.

விளக்கமாற்றைச் சாத்திவிட்டு உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பு.

பீடி வாசம் மெல்ல வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பொறுமையாக, அவசரமே இல்லாத ஒரு குரல்.

"ஜத்தாங்."