செவலை பழகிய கதவு

புது ஆள் உள்ளே வந்தால் நாய் அந்த ஆளைப் பார்த்துத்தான் குரைக்கும். செவலை அப்படிச் செய்யவில்லை. ஆன்சி கேட்டைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் கால் வைத்தபோதும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேப்பமரத்துச் சங்கிலி முறுக்கேற, முன்னங்கால்கள் கரிசல் மண்ணைக் கீற, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டின் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டிய ஸ்டோர் ரூமின் நீல இரும்புக் கதவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. வெளியே பூட்டும் தொங்கியது.

பதினோரு வருடமாக ஆன்சிக்கு இதுதான் பிழைப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடிக்கிற நாய், கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிற நாய், வெடிச்சத்தத்துக்கு மூத்திரம் போகிற நாய் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். இரண்டு கைகளிலும் பல் தடம் உண்டு. அதற்காக ஒரு நாயையும் அவள் அடித்ததில்லை. பாவம், பயந்துபோன பிராணியைத்தான் நாம் வெறிபிடித்தது என்கிறோம்.

இந்த முறை கூப்பிட்டது துர்காதேவி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், ஒரே டிபன் பாக்ஸில் தின்றவள். கல்யாணம் முடிந்து திருச்சுழிக்கு அந்தப்புறம், சீமைக்கருவேலங் காட்டை ஒட்டிப் புதுவீடு கட்டிக் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது.

"அடியே, வந்துட்டியா!" என்று துர்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபோதும் அவள் கண் நீலக்கதவின் மேல்தான் இருந்தது.

அவள் புருஷன் சங்கரபாண்டியன் கரி லோடு ஏற்றும் லாரி வைத்திருப்பவர். முழங்கைக்குக் கீழே பன்னிரண்டு தையல். "அந்தக் கதவத் தொறக்கப்போனேன் தங்கச்சி, பாஞ்சுருச்சு. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். கத்துறத நிப்பாட்டலேன்னா டாக்டரக் கூட்டியாந்து ஊசியப் போட்டுருவேன்."

"வேணாண்ணே. எங்கிட்ட விடுங்க. நா பாத்துக்கிறேன்."

போன வருடம் மல்லாங்கிணற்றில் ஒரு கறுப்பு நாயை ஆன்சி பாதிக்குப் பாதி தேற்றி வைத்திருந்தாள். மறுநாள் போனால் சங்கிலி மட்டும் கிடந்தது. அப்படி இன்னொன்று நடக்கக் கூடாது. செவலை பிழைக்க வேண்டும். அவள் அந்த வீட்டுக்கு வந்தது அதற்காகத்தான்.

ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டச் சொன்னாள். துர்கா சாவியைக் கொடுத்துவிட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டாள். உள்ளே ஒன்றுமில்லை. பெருக்கித் துடைத்த தரை. வீட்டுக்குள் போகிற இன்னொரு வாசல், அதை மறுபக்கத்திலிருந்து பீரோவை நகர்த்தி அடைத்திருந்தார்கள். மழை கண்டு எட்டு மாதமான ஊரில், அந்த அறையில் மட்டும் வற்றிக்கொண்டிருக்கிற கண்மாயின் சேற்று வாடை அடித்தது.

"எலித் தொல்ல. அதான் பீரோவ வச்சு அடச்சிருக்கு" என்றாள் துர்கா.

ஆன்சியின் வேலை முறை எளிது. பயப்படுகிற பொருளுக்கு எட்டத்தில் நாயை வைத்துக்கொள்வாள். அதைப் பார்க்கவிடுவாள். நாய் பார்த்துவிட்டுக் குரைக்காமல் தன் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், அந்த நொடியே வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. பார்த்தால் ஈரல். மறுபடி பார்த்தால் மறுபடி ஈரல். மறுநாள் இரண்டடி கிட்டே. கொஞ்ச நாளில் நாய்க்கு அது விளையாட்டாகிவிடும். பயந்த பொருளைத் தானே தேடிப் பார்த்து, 'அந்தா நிக்குது, பாத்துட்டேன், குடு' என்று கேட்கும்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வந்தாள். எங்கோ விறகைக் கரியாக்கப் போட்டிருந்த மூட்டத்துப் புகை காற்றில்லாமல் தரையோடு கிடக்கும். கருவேலங்காட்டில் சில்வண்டு இரையும். முதல் நாள் இருபத்தைந்து அடி தள்ளி உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் செவலை முதல் ஈரலைத் தின்றது. ஆறாம் நாள் குரைப்பு முனகலாகத் தேய்ந்தது. ஒன்பதாம் நாள், தொழிலில் அவள் எத்தனையோ தரம் கண்டும் ஒவ்வொரு தரமும் கண் கலங்குகிற அந்த விஷயம் நடந்தது. செவலை தானாகவே வந்து தலையை அவள் முழங்காலில் சாய்த்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லடா. நா இருக்கேன்ல. ஒன்னய ஒண்ணும் செய்ய விடமாட்டேன்."

அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அதைக் கேட்டாள். இத்தனை நாள் குரைப்பு மூடி வைத்திருந்த சத்தம். கதவுக்கு உள்பக்கம், உட்கார்ந்திருக்கிற அவள் காது உயரத்தில், ஈரத்துணி இரும்பில் உரசுவதுபோல. யாரோ கன்னத்தைக் கதவில் வைத்து, நன்றாகக் கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வதுபோல.

எலி, என்று ஆன்சி மனசுக்குச் சொன்னாள்.

துர்கா காபி கொண்டுவந்தாள். "இனிமே குரைக்காதுல்ல?"

"கடிக்காதுன்னு கேளுடி. அதான பயம்?"

"ஆமா... ஆமா. குரைக்காதுல்ல?"

பதினோராம் நாள் செவலை நீலக்கதவுக்கு முன்னால், இரண்டே அடியில், கால்களை நீட்டிப் படுத்துத் தூங்கியது. சங்கரபாண்டியன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஊசி கிடையாது என்று வாக்குக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த சோலையம்மாள் ஸ்கூட்டியை மறித்தாள்.

"அந்த வீட்டு நாயி சத்தத்தயே காணமே தாயி. நீயா நிப்பாட்டுன?"

"ஆமாக்கா. இப்ப சாதுவாயிருச்சு" என்றாள் ஆன்சி பெருமையாக.

சோலையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆடுகளை வேகவேகமாக அந்தப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் போனபோது லாரி இல்லை. கொடியில் துணி இல்லை. வீட்டு வாசலில் பெரிய பூட்டு. வேப்பமரத்தடியில் செவலை, பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், ஒரு தட்டு நிறையச் சோறு.

நீலக்கதவு விரியத் திறந்து கிடந்தது.

ஆன்சி போன் போட்டாள். ஏழாவது தரம் மணி அடித்தபோது துர்கா எடுத்தாள். லாரி ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"எங்கடி போனீக? நாய விட்டுட்டு?"

"அத நீ கூட்டிட்டுப் போயிரு. ஒனக்குத்தான் பிடிக்குமே."

"கதவு தொறந்து கெடக்கு துர்கா."

துர்கா அழுதுகொண்டே பேசினாள். "நாயி குரைச்சதாலதான் அது முத்தத்துக்கு வரல ஆன்சி. வெளிய வரமுடியாம ராவும் பகலும் எங்ககூடயே புழங்குச்சு. ரெண்டு வருசம். பீரோ வச்சா நின்னுருமா? தெனம் ஒரே நேரத்துல ஒரு வெளியாளு வாசல்ல வந்து உக்காந்து, அன்பா பேசினா, அதுக்கும் பழகிரும், அவுக பின்னாடியே போயிரும்னு குறி பாத்த எடத்துல சொன்னாங்க. எனக்கு வேற யாரத் தெரியும்? நீதான் பொறுமக்காரி."

"துர்கா..."

"நீ நாய மட்டும் பழக்கலடி. மன்னிச்சுரு."

போன் அணைந்தது.

பதினோரு நாள் காபி. பதினோரு நாள் கட்டிப்பிடிப்பு. செவலைக்கு ஈரல் எப்படியோ, அந்தக் கதவுக்குள் இருந்ததற்கு அவளே அப்படி. ஆன்சிக்கு நெஞ்சு வலித்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நாயை அவிழ்க்க வேண்டும். போய்விட வேண்டும். மரத்தடியில் மண்டியிட்டாள். கழுத்துப்பட்டைக் கொக்கி பிடிகொடுக்கவில்லை. விரல் வியர்த்து வழுக்கியது.

செவலை அவள் தோளுக்கு மேலே, திறந்த கதவைப் பார்த்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தது. ஈரல் கேட்டது.

பழக்கத்தில் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. கொடுத்தாள்.

செவலை மறுபடி பார்த்தது. இப்போது கதவை அல்ல. கதவுக்கும் மரத்துக்கும் நடுவில், வெறும் வெயிலை. பிறகு அவள் முகத்தை.

'அந்தா நிக்குது, பாத்துட்டேன், குடு.'

"குரைடா" என்றாள்.

வால் ஆடியது.

"குரைடா செவலை. டேய். குரைடா!"

அந்தக் குரலில் அவள் எந்த நாயிடமும் பேசியதில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி அதன் முகத்திலேயே எறிந்தாள். செவலை கண்ணைச் சிமிட்டியது. ஏன் என்று புரியாமல், குற்றம் செய்த பிள்ளைபோலக் காதை மடக்கி, அவள் சொல்லிக்கொடுத்தபடியே கால்களை நீட்டிப் படுத்தது. குரைக்கவில்லை. குரைப்பதை அது மறந்திருந்தது. அவள்தான் மறக்க வைத்திருந்தாள்.

சில்வண்டு இரைச்சல் நின்றிருந்தது. கரிப்புகை வாடை போய்விட்டது.

சேற்று வாடை.

பிடரியில் குளிர்.

செவலை இன்னும் கிட்டே பார்த்தது. அவள் தோளை ஒட்டி. தலையை மெல்ல நிமிர்த்தி, மேலே, இன்னும் மேலே. அவ்வளவு உயரமா?

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இரண்டு கையும் மறுபடி கொக்கியில் இருந்தன.

செவலை கண்களைச் சொக்கி மூடிக்கொண்டது. அதன் நெற்றி முடி, ஆன்சியின் காதோரமாக நீண்டு வந்த விரல்கள் தடவினாற்போல, வரிவரியாக அழுந்திப் பின்னால் படிந்தது. ஐந்து வரி அல்ல. அதற்கும் மேல்.